கிணறு கிணறாக ஒரு வழி

பல்லேபொலைக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய வீதிகள் போகின்றன. இரண்டும் ஊருக்குள் வருவதில்லை. ஒரு பக்கம் ஏ9: கண்டியிலிருந்து மாத்தளை, நாலந்த, தம்புள்ளை என்று யாழ்ப்பாணம்வரை. மறுபக்கம் ஏ6: குருநாகலிலிருந்து கலேவெல, தம்புள்ளை தாண்டித் திருகோணமலைக்கு. பலாபத்வெலவில் ஏ9ஐ விட்டுப் பிரிந்து கலேவெல நோக்கி ஏறி இறங்கும் வீதியில்தான் நாங்கள் இருக்கிறோம். ஒரு பெரிய வீதியிலிருந்து மற்றதற்கு மாறுகிறவர்களுக்கு எங்கள் ஊர் குறுக்கு வழி. அந்தக் குறுக்கு வழி நெடுங்காலம் பஸ் சாரதிகளுக்கும் லொறிக்காரர்களுக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. இப்போது சீகிரியா பார்க்கப் போகும் வெளிநாட்டுக்காரரின் வேன்கூட கைப்பேசி சொல்லக் கேட்டு இந்தப் பக்கம் திரும்புகிறது.

நான் இந்தப் பகுதித் தமிழ்ப் பாடசாலைகளில் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். படவாசிப்புத்தான் எனக்குப் பிடித்த பாடம். அப்பா இலங்கைப் போக்குவரத்துச் சபையில் சாரதி. 1958இல் தனியார் பஸ் கம்பனிகளை அரசு எடுத்துச் சபையாக்கியதற்குப் பின் வேலைக்குச் சேர்ந்த தலைமுறை. எங்கள் பூட்டி மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்தவள். ஆகவே, இந்த ஊர் வழியாகப் போனவர்கள் எப்படி வழி தெரிந்துகொண்டார்கள் என்பது எனக்குப் பாடமும் வீட்டுக் கதையும்.

மலைநாட்டில் வழி என்பது ஒரு காலத்தில் அரசன் மறைத்து வைத்த பொருள். இரண்டாம் இராஜசிங்கனின் கண்டி இராச்சியத்தில் பாதைகள் ஒற்றையடித் தடமாகவே விடப்பட்டன. ஆறுகளுக்குப் பாலம் போடவில்லை. கணவாய்களில் முட்கதவு வைத்துக் காவல் இருந்தது. படை நடத்தி வருகிறவனுக்கு வழி தெரியக் கூடாது, அவ்வளவுதான் காரணம். 1660இல் பிடிபட்ட ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் ஏறத்தாழ இருபது வருடம் இதற்குள் அடைபட்டுக் கிடந்தார். தொப்பி பின்னி விற்றார். பிறகு சிறு சாமான்களைத் தோளில் போட்டுக்கொண்டு வடக்குக் கிராமங்களில் அலைந்தார். வியாபாரம் ஒரு சாட்டு. எந்த ஊருக்கு அப்பால் எந்த ஊர், எங்கே காவல், எங்கே காடு என்று கேட்டறிவதே நோக்கம். பலமுறை முயன்று திரும்பிய பின், 1679 செப்டெம்பரில் ஸ்டீபன் ரட்லண்ட் என்பவரோடு புறப்பட்டு, அனுராதபுரம் தாண்டி, மல்வத்து ஓயாக் கரையைப் பிடித்து ஒக்டோபர் 18ஆம் திகதி அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். 1681இல் இலண்டனில் அச்சான அவருடைய நூலில் இலங்கைத் தேசப்படம் ஒன்றும் இருந்தது. அந்தப் படத்துக்கான செய்திகளைத் தந்தவர்கள் அவரிடம் தொப்பி வாங்கிய எங்கள் ஊர்ப்பக்கத்துச் சனங்களும்தான் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு.

ஆங்கிலேயர் நில அளவைத் திணைக்களத்தை 1800 ஓகஸ்ட் 2ஆம் திகதி தொடங்கினார்கள். அப்போது கண்டி அவர்கள் கையில் இல்லை. 1815இல் கிடைத்த பிறகு முதலில் அளக்கவும் வெட்டவும் வேண்டியிருந்தது வீதிகளைத்தான். பதினைந்து வயதில் படையில் சேர்ந்த தோமஸ் ஸ்கின்னர் அரை நூற்றாண்டு இங்கே வீதி போட்டார், மலைநாட்டை அளந்தார். யானைத் தடங்களைப் பிடித்துத்தான் உச்சிகளுக்கு ஏறியிருக்கிறார். யானை சரிவைப் பார்த்துத்தான் நடக்கும். அதைவிட நல்ல அளவையாளர் காட்டில் இல்லை. ஜெனரல் ஜோன் ஃபிரேசரின் பெயரில் 1862இல் வெளிவந்த பெரிய இலங்கைப் படத்துக்கு அந்த மலையளவை உதவியது.

வீதி யாருடைய முதுகில் ஏறிப் போடப்பட்டது என்பதை மாத்தளைக்காரர் மறக்கக் கூடாது. 1848இல் டொரிங்டன் ஆளுநர் கொண்டுவந்த வீதிச் சட்டப்படி, 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண் ஒவ்வொருவரும் வருடத்தில் ஆறு நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும். துப்பாக்கி வரி, நாய் வரி, கடை வரியோடு இதுவும் சேர்ந்துதான் அந்த வருடம் ஜூலையில் மாத்தளைக் கிளர்ச்சியாக வெடித்தது. தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா முடி சூடிக்கொண்டார். கிளர்ச்சியின் இன்னொரு தலைவரான வீரபுரன் அப்புவை ஓகஸ்டில் சுட்டுக் கொன்றார்கள். கோப்பி மூட்டைக்கும் படைக்கும் தேவைப்பட்ட வீதி, அந்த மூட்டையும் படையும் யாரை நசுக்கினவோ அவர்களையே கொண்டு போடப்பட்டது.

இனி எங்கள் பூட்டி வந்த வழி. வடக்கு வீதி என்று பதிவேடுகளில் எழுதியிருக்கும் இந்த வழியைப் பற்றித் தமிழில் எழுதியது போதாது. புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்துச் சனங்கள் தோட்ட வேலைக்காகத் தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்த வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். ஏறத்தாழ 150 மைல். வன்னிக் காட்டுக்குள் வாந்திபேதியும் காய்ச்சலும் தண்ணீர்த் தட்டும் எத்தனை பேரைக் கொன்றன என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் தர்க்கம் உண்டு. அது பெருந்தொகை என்பதில் தர்க்கம் இல்லை. கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் 1880இலேயே வந்துவிட்டது. கோப்பி அதில் ஏறிக் கொழும்புக்குப் போனது. அதே மாத்தளைக்கு வடக்கேயிருந்து ஆட்கள் அதற்குப் பின்னும் பல வருடம் நடந்தே வந்தார்கள்.

அவர்கள் கையில் தேசப்படம் இல்லை. வழி கங்காணியின் தலைக்குள் இருந்தது. கூட்டத்தில் வந்த பெண்களின் தலைக்குள்ளும் ஒரு வழி இருந்தது. எங்கள் அப்பாயி, தன் தாய் சொன்னதை எனக்குச் சொல்லியிருக்கிறாள். அதில் மைல் கணக்கு வராது. ஊர்ப் பெயரும் குறைவு. தண்ணீர்தான் வரும். இந்தக் கிணறு உப்பு, கால் கழுவ மட்டும். அடுத்தது நல்ல தண்ணி, ஆனால் கயிறு நீளமாக வேண்டும். அதற்கப்புறம் குளம், எருமை இறங்கியிருந்தால் துணியில் வடிகட்டு. பிறகு ஒரு பொழுது முழுக்க ஒன்றுமே கிடையாது, முந்தின இடத்தில் செம்பை நிரப்பிக்கொள். பிள்ளை பெற்ற பெண்ணை எந்த மடத்தில் விட்டுவிட்டு நடந்தார்கள் என்பதும் அந்தச் சொல்லில் வரும். அரசாங்கம் வழியில் கொட்டகைகளும் கிணறுகளும் சிறு ஆஸ்பத்திரிகளும் அமைத்திருந்தது உண்மை. ஆனால் எந்தக் கொட்டகையில் தங்கலாம், எதில் நோய் கிடக்கிறது என்பது எதிரே வருகிற கூட்டம் சொல்லித்தான் தெரியும். அறுவடை வேலைக்கு ஊர் திரும்புகிறவர்கள் தெற்கேயிருந்து வருவார்கள். அவர்களிடம் கேட்டு இவர்கள் அடுத்த நாளைத் தீர்மானிப்பார்கள். எந்தப் பாதை, எந்த நேரம், எங்கே தங்கல் என்ற மூன்றையும் நடக்கிறவர்களே நடக்கிறவர்களுக்குச் சொன்னார்கள்.

நாலந்தவைத் தாண்டினால் குளிர் தட்டும், மாத்தளை கிட்டிவிட்டது என்று தெரியும் என்பாள் அப்பாயி. மாத்தளையில் மாரியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் தோட்டம் தோட்டமாகப் பிரிந்து போனார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்போது, கொள்ளைநோய்ப் பயத்தில் தொழிலாளர் நடந்து வருவதற்கு வடக்கு வீதி மூடப்பட்டது. கொழும்பு வழியாகக் கொண்டுவந்தார்கள். அதன்பின் தகரச் சீட்டு வந்தது. தோட்டத்துக்குரிய எழுத்தும் இலக்கமும் பொறித்த தகர வட்டத்தை ஆளின் கழுத்தில் கட்டிவிடுவார்கள். முகாமில் ஒருவர் அதைப் பார்ப்பார், ரயில் நிலையத்தில் ஒருவர் பார்ப்பார், பார்த்து உரிய பக்கம் தள்ளுவார்கள். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலோடு ரயில் இணைந்த பிறகு பயணம் நாட்கணக்கில் சுருங்கியது. சாவு குறைந்தது, அது பெரிய காரியம். ஆனால் வழி தெரிந்த சனம், இலக்கம் தொங்கும் சனமாகவும் ஆனது. போகுமிடம் எங்கே என்பது போகிறவருக்கே தெரியாமல், அவரைப் பார்க்கிற உத்தியோகத்தருக்குத் தெரிந்த முதல் ஏற்பாடு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் முழு நாட்டுக்கும் இடவிளக்கப் படம் வரையும் வேலை 1897இல் தொடங்கி 1920களில் முடிந்தது. இதற்கு அடிப்படை அதற்கும் பல பத்தாண்டு முன்பே போடப்பட்டிருந்தது. நீர்கொழும்புப் பக்கம் கண்டவளையில் ஓர் அடிக்கோட்டை அளந்து, அங்கிருந்து மலையுச்சிக்கு மலையுச்சி முக்கோணம் கட்டிப்போய், மட்டக்களப்புப் பக்கம் இன்னொரு கோட்டில் சரிபார்த்தார்கள். நான் படித்ததும் முதலில் படிப்பித்ததும் அந்த ஒரு அங்குலப் படத்தில்தான். பின்னர் மீற்றர் முறைக்கு மாறி, 92 தாள்களில் 1:50,000 படம் வந்தது. 20 மீற்றருக்கு ஒரு சமவுயரக் கோடு.

வகுப்பில் வீதித் தூரம் அளக்கிற பயிற்சிக்கு நூல் வேண்டும். தையல்காரரிடம் வாங்கின வெள்ளை நூல், கஞ்சியில் நனைத்து விறைப்பாக்கியது. பிள்ளை நூலின் நுனியைப் பலாபத்வெலச் சந்தியில் வைத்து, பெருவிரல் நகத்தால் அழுத்திக்கொண்டு, சிவப்புக் கோட்டின் வளைவுக்கு வளைவு நூலை மடித்து மடித்துக் கொண்டுபோகும். பல்லேபொல வந்ததும் மையால் ஒரு புள்ளி. பிறகு நூலை நிமிர்த்தி அளவுத்திட்டத்தில் வைத்தால் தூரம். நேர்கோட்டில் அளந்த தூரத்தைப் பக்கத்தில் எழுதச் சொல்வேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது, “அப்போ மலைதானே டீச்சர் றோட்டை நீளமாக்குது” என்று சொல்லும். அந்தப் பிள்ளைக்குச் சமவுயரக் கோடு பிறகு விளங்காமல் போனதில்லை.

அந்தப் படத்தில் தோட்டத்தின் பெயர் இருக்கும். தொழிற்சாலை, பங்களா இருக்கும். தொழிலாளர் குடியிருக்கும் லயம் சிறு கறுப்புக் கோடுகளாக இருக்கும், பெயர் இருக்காது. தோட்டத்துப் பிள்ளைகள் தங்கள் வீட்டைக் காட்டச் சொன்னால் அந்தக் கறுப்புக் கோட்டில் விரல் வைப்பார்கள். லயத்துக்குத் தனி விலாசமும் இல்லை. கடிதம் தோட்டத்துக் கந்தோருக்கு வரும்; அங்கிருந்து கிடைத்தால் கிடைத்தது.

போர்க் காலத்தில் தேசப்படத்தைச் சுருட்டிக் கையில் கொண்டுபோக எனக்குத் தயக்கம் இருந்தது. தமிழ் அடையாள அட்டையும் விவரமான இடவிளக்கப் படமும் ஒரே பையில் இருந்தால் சோதனைச் சாவடியில் நிறைய விளக்கம் சொல்ல வேண்டிவரும். அதிபரிடம் கடிதம் வாங்கி, இடாப்புக்குள் மடித்து வைத்துத்தான் பஸ் ஏறுவேன். ஏ9 வீதி வடக்கே பல வருடம் பூட்டியிருந்து 2002இல் திறந்தது. 2006இல் திரும்பப் பூட்டியது, 2009இல் போர் முடிந்த பிறகு மறுபடி திறந்தது. யாழ்ப்பாணத்தில் செத்த வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் அந்த நாட்களில் கேட்டது தூரத்தை இல்லை. எந்தச் சாவடி திறந்திருக்கிறது, எத்தனை மணிவரை, எந்தக் கடதாசி வேண்டும் என்றுதான். அப்பாவுக்குத் தெரிந்த சாரதிமார் அதை ஆளுக்காள் சொல்லிவிடுவார்கள். முட்கதவுக் காலத்துக்கு நாங்கள் திரும்பியிருந்தோம்.

அந்த இடைவெளியில்தான் வானத்திலிருந்து வேறொரு அளவை வந்தது. 2000 மே மாதம் அமெரிக்க அரசு, ஜீ.பீ.எஸ். சமிக்ஞையில் பொதுமக்களுக்கென வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நிறுத்தியது. நூறு மீற்றர்வரை தவறிய இடம் அன்றிலிருந்து பத்து இருபது மீற்றருக்குள் வந்தது. எங்கள் நில அளவைத் திணைக்களமும் அந்தச் செய்மதிகளைக் கொண்டே நாட்டின் கட்டுப்பாட்டுப் புள்ளிகளைத் திரும்ப அளந்து, 1999இன் புதிய ஆள்கூற்று முறையை நிறுவியது. 2004இல் இங்கிலாந்தில் ஓபன்ஸ்ட்ரீட்மேப், 2005இல் கூகுள் மேப்ஸ். 2016இல் வீதிக் காட்சிப் படங்களும் இலங்கைக்கு வந்தன.

கைப்பேசி வழி கண்டுபிடிக்கும் விதம் பலருக்கு மாயமாகத் தெரிகிறது. அது மாயம் இல்லை, கரும்பலகையில் செய்து காட்டலாம். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற ஒல்லாந்துக் கணினி அறிஞர் 1956இல் ஆம்ஸ்டர்டாம் கோப்பிக் கடையொன்றில் இருந்தபடி, கடதாசி பென்சில் இல்லாமல், இருபது நிமிடத்தில் யோசித்த முறை. 1959இல் மூன்று பக்கக் கட்டுரையாக வந்தது. சந்திகளெல்லாம் புள்ளி. சந்திக்குச் சந்தி போகும் வீதி கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நேரம். மாத்தளையில் தொடங்கி, மிகக் குறைந்த நேரத்தில் எட்டக்கூடிய சந்தியை முதலில் தீர்த்து, பிறகு தீர்ந்த சந்திகளிலிருந்து எட்டக்கூடியவற்றில் மாத்தளையிலிருந்து மிகக் குறைந்த நேரமுள்ள அடுத்ததை, அதற்கடுத்ததை என்று பரவிப் போனால், தம்புள்ளையை எட்டும்போது அதைவிடக் குறுகிய வழி இருக்க முடியாது. நாலந்த வழியா, பல்லேபொல–கலேவெல வழியா என்பதை இப்படித்தான் தீர்க்கிறது. இன்றைய செயலிகள் இதை இன்னும் வேகமாகச் செய்ய வழி கண்டிருக்கின்றன. அத்தோடு, வீதியில் போகிற மற்றவர்களின் கைப்பேசிகள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்று பார்த்துக் கோட்டின் நேரத்தை மாற்றிக்கொண்டேயிருக்கின்றன.

கணக்கு சரி. கோட்டுக்குக் கொடுத்த நேரம் சரியா என்பதில்தான் எங்கள் ஊர் மாட்டிக்கொள்கிறது. ஏ9இல் ஆயிரம் கைப்பேசி போகிறது, அதன் வேகம் தெரியும். வயல் வரம்பை ஒட்டிய வாய்க்கால் பாதையில் நாளுக்கு இரண்டு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் போகலாம். அதற்கு யாரோ எங்கோ இருந்து சாதாரண வீதி என்று அடையாளம் போட்டிருந்தால், செயலி அதையும் கார் போகும் வழியாகவே எண்ணும். ஒரு மார்கழி மழைநாள் மாலையில் அனுராதபுரத்துக்கு யாத்திரை போன குடும்பம் ஒன்றின் வேன், செயலி சொல்லக் கேட்டு அப்படியொரு வரம்புப் பாதையில் இறங்கிப் பின்சக்கரம் சேற்றில் அமிழ நின்றது. உள்ளே கைக்குழந்தை, ஒரு வயதான அம்மா. ஊர்ப் பெடியன்கள் கயிறும் லேண்ட்மாஸ்டரும் கொண்டு இழுத்தார்கள். எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகும்போது அந்த அம்மா கேட்டார், “ஏன் மகள், சந்தியில ஒரு ஆள்கிட்டயும் நாங்க கேக்கல்லையே?” சந்திக் கடையில் அன்று நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் அந்தப் பாதையின் நிலை தெரியும்.

அதற்காகக் கைப்பேசியைக் குறை சொல்லிக்கொண்டிருக்க நான் தயாரில்லை. 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் தொடங்கி நாடெங்கும் விரிந்த பிறகு, விலாசமே இல்லாத லயத்துக்கும் வண்டி வருகிறது. “ஆலமரத்துக்கிட்ட திரும்பி, பழைய ஸ்டோர் தாண்டி” என்று வலியோடு விளக்க வேண்டியதில்லை. லொகேஷனைப் போட்டுவிட்டால் போதும். கடிதம் வந்து சேராத வீட்டுக்கு மருந்து வந்து சேர்கிறது. நூறு வருடத்துக்கு மேல் பெயரில்லாத கறுப்புக் கோடாக இருந்த இடம் இப்போது ஒரு புள்ளியாகியிருக்கிறது; அந்தப் புள்ளியை வைப்பவர் அங்கே குடியிருப்பவர். கண்டி அரசன், ஸ்கின்னர், நில அளவைத் திணைக்களம் எல்லாம் தாண்டி, தேசப்படத்தில் கை வைக்கும் உரிமை முதல்தடவையாக எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் இருப்பதைத்தான் நான் பொறுக்கமாட்டேன்.

என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் என்னோடு சேர்ந்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வேலை செய்கிறார்கள். மட்டக்களப்பில் பத்து வருடத்துக்கு முன்பே இதைக் கொண்டு நகரத்துக் கட்டிடங்களைக் குறித்திருக்கிறார்கள், வெள்ளம் வந்தால் யார் யார் வீடு முழுகும் என்று அறிய. நாங்கள் செய்வது சிறிய வேலை. கைப்பேசியில் தடத்தைப் பதிந்துகொண்டு நடப்போம். வரம்புப் பாதையை வரம்புப் பாதை என்றே திருத்துவோம். அகலம், தரை, மழைக்குப் போகலாமா என்பதைச் சேர்ப்போம். லயங்களுக்கு அங்குள்ளவர் சொல்லும் பெயரைத் தமிழில் போடுவோம். வேன் அமிழ்ந்த பாதையை முதலில் திருத்தினோம்.

அதோடு வடக்கு வீதியையும் தொடங்கியிருக்கிறோம், மாத்தளையிலிருந்து நாலந்தவரை. அப்பாயி சொன்ன தண்ணீரைத் தேடித்தான். வீதியை அகலமாக்கும்போது மூடப்பட்ட கிணறுகள் பல. சிலதின் கல்வட்டம் மட்டும் புதருக்குள் இருக்கிறது. வழிப்போக்கர் தங்கும் அம்பலங்கள் சில நிற்கின்றன. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் விதி, இன்று தரையில் இருப்பதை மட்டுமே குறிக்க வேண்டும் என்பது. நியாயமான விதி, கல்வட்டம் இருந்தால் போடலாம், மண் மூடியிருந்தால் போட முடியாது. மூடியவற்றுக்காகத் தனிக் கோப்பு ஒன்று வைத்து, அதே படத்தின் மேல் விரித்துப் பார்க்கிறோம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு முதியவர்கள் ஒரே இடத்தைக் காட்டினால் மட்டும் அதில் ஏற்றுகிறோம். சிங்களக் கிராமத்து முதியவர்கள் எங்களைவிட நிறையக் காட்டுகிறார்கள். தங்கள் வளவுக் கிணற்றில் தண்ணீர் குடித்துவிட்டுப் போன கூட்டங்களைப் பற்றி அவர்கள் வீட்டிலும் கதை இருக்கிறது.

நாலந்தவுக்கு வடக்கே இன்னும் போகவில்லை. நாவுல தாண்டித் தம்புள்ளைவரை வெயில் காலத்தில்தான் நடக்க வேண்டும். புல் காய்ந்தால்தான் தூர்ந்த கிணற்றின் பள்ளம் தெரியும். மதவாச்சிக்கு அப்பால் மன்னார்வரை உள்ள காட்டுப் பகுதியை நாங்கள் தனியே செய்ய முடியாது. அங்கே புவியியல் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு எழுதியிருக்கிறேன். உப்புக் கிணறும் நல்ல தண்ணிக் கிணறும் அடுத்தடுத்து வரும் இடம் அந்தப் பகுதியில்தான் இருக்க வேண்டும். அப்பாயியின் வரிசையில் அது முதலாவது.